மேனேஜருக்கு ஒரு கூண்டு

மதிப்புக்கும் பாசத்துக்கும் உரிய மைத்துனர், கால்நடை மருத்துவர் அவர்களுக்கு, தங்கள் அக்காள் கணவன் பணிவுடன் எழுதிக்கொள்வது.

இங்கே நானும் தங்கள் அக்காளும் இருக்கக்கூடிய அளவுக்கு நலமாக இருக்கிறோம். அங்கே தாங்களும் தங்கள் வீட்டாரும், தங்கள் மருத்துவமனையில் கட்டுப்போட்டுப் படுத்திருக்கும் நாலுகால் பிராணிகளும் நலமாக இருக்கும்படி வேண்டிக்கொள்கிறேன். மேலே 'நலமாக' என்று எழுதிய இடத்தில் மை திட்டாக இருப்பதைத் தாங்கள் கவனித்திருப்பீர்கள். பேனா அங்கே நின்றுவிட்டது. ஏன் நின்றது என்று சொல்வதற்குத்தான் இந்தக் கடிதம்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று தாங்கள் நினைக்கலாம். தங்கள் அக்காளுக்கு நுரையீரல்தான் பலவீனம், காது இரண்டும் வெகு பலம். நான் மொட்டைமாடிக்குப் போய்க் குசுகுசுவென்று பேசினாலும் கீழே கட்டிலில் படுத்திருப்பவள், "யாருக்குப் போன்? தம்பிக்கா? பூனை விஷயமா?" என்று கேட்டுவிடுகிறாள். வெளியே போய்ப் பேசலாமென்றால் இப்போது அவளைத் தனியாக விட மனம் வரவில்லை. ஆகவே குளியலறையைத் தாழிட்டுக்கொண்டு, வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து, ஒரு பலகையை மடியில் வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அது பலகையின் குற்றம்.

மழைக்காலத்தில் அவளுக்கு நிமோனியா வந்து ஆஸ்பத்திரியில் கிடந்ததைத் தாங்களே வந்து பார்த்தீர்கள். வீட்டுக்கு அனுப்பும்போது நுரையீரல் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தூசி, புகை, முடி, எதுவும் மூச்சுல போகக் கூடாது. கொஞ்ச நாளைக்கு ஜாக்கிரதையா பாத்துக்குங்க" என்றார். கொஞ்ச நாள் என்றால் எவ்வளவு நாள்? எவ்வளவு முடி போனால் ஆபத்து? ஒரு முடியா, ஒரு கொத்தா? நான் சோப்புத் தொழிற்சாலையில் கலவைப் பிரிவில் தலை நரைத்தவன். அங்கே கொஞ்சம் என்று ஓர் அளவு கிடையாது. கேட்டால் டாக்டர் சிரித்துக்கொண்டே என் தோளைத் தட்டினார். டாக்டர்கள் தோளைத் தட்டினால் எதையோ மறைக்கிறார்கள் என்று அர்த்தம். வீட்டுக்கு வந்ததும் தலையணைகளை மாற்றினேன், திரைச்சீலைகளைக் கழற்றினேன், கால்மிதியைத் தூக்கி எறிந்தேன், கடைசியில் என் மீசையையும் எடுத்துவிட்டேன். முடி என்று அவர் பொதுவாகத்தானே சொன்னார்? மீசையில்லாத முகத்தைப் பார்த்துத் தங்கள் அக்காள் சிரித்த சிரிப்பில் இருமல் வந்து, அது அடங்குவதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

பிறகு, காற்றோட்டமாக இருக்கட்டும் என்று கட்டிலைப் பின்னறைக்கு மாற்றினேன். அங்கேதான் வினை. அந்த அறையின் ஜன்னலைத் திறந்தால் நம் தோட்டம். தோட்டம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, தாங்கள் பார்த்ததுதான்: நாலு ரோஜாத் தொட்டி, ஒரு செம்பருத்தி, கீரைப்பாத்தி, மதில். அந்த மதிலேறி ஒரு பூனை வருகிறது. யாருடைய பூனையும் இல்லை. தெரு முழுக்க விசாரித்துவிட்டேன், ஒருவரும் உரிமை கொண்டாடவில்லை. சாம்பல் நிறம், தடித்த கழுத்து. இடது காதின் நுனி கத்தி வைத்து நறுக்கியதுபோல் நேர்கோடாகத் துண்டாகிப் போயிருக்கிறது. எந்தச் சண்டையில் போனதோ தெரியவில்லை. காது போயும் அடங்காமல் நிமிர்ந்து நடக்கிற பேர்வழி என்றால், அந்தச் சண்டையில் எதிராளிக்கு என்னென்ன போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நான் யோசித்துப் பார்த்தேன், அதனால்தான் சொல்கிறேன்.

இது தினமும் காலையில் வரும். தொட்டிகளை வரிசையாகப் பார்வையிடும். நான் வியர்க்க வியர்க்கக் கொத்தி வைத்த கீரைப்பாத்தியில் குழி பறித்துத் தன் காரியத்தை முடித்து, மண்ணை இழுத்து மூடும். அப்புறம் ஜன்னலுக்கு நேரே உட்கார்ந்து, வாலைக் காலைச் சுற்றிப் போட்டுக்கொண்டு, உள்ளே இருக்கிற எங்களைப் பார்க்கும். ஒரு வேலையும் செய்யாமல் எல்லாவற்றையும் பார்வையிட்டுவிட்டுப் போவதால் தங்கள் அக்காள் இதற்கு மேனேஜர் என்று பெயர் வைத்தாள். "மேனேஜர் வந்துட்டாரு, எழுந்திருங்க" என்பாள். ஒருநாள் தூக்கக் கலக்கத்தில் நான் உண்மையாகவே எழுந்து நின்றுவிட்டேன். அதற்கும் சிரித்தாள், அதற்கும் இருமினாள்.

விரட்டவில்லையா என்று கேட்பீர்கள். விரட்டினேன். கதவைத் திறந்து "சூ" என்றேன். மற்ற பூனைகளென்றால் இதற்குள் மதில் தாண்டியிருக்கும். இது திரும்பி என்னை மேலிருந்து கீழாக ஒரு பார்வை பார்த்து, ஒரு கொட்டாவி விட்டது. வாய்க்குள்ளே அத்தனை பல்லும் தெரிந்தது. நான் உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். இதைப் பயம் என்று சொல்ல மாட்டேன். முன்ஜாக்கிரதை.

இந்த நிலையில்தான், நின்றிருந்த இருமல் மறுபடி லேசாகத் தலைகாட்டியது. எனக்குப் புரிந்துவிட்டது. பூனைக்கு முடி உண்டு, முடி உதிரும், உதிர்ந்தால் பறக்கும், பறந்தால் ஜன்னல் வழியே வரும். வந்தால் நேரே மூச்சுக்குள்தானே போகும்? இதைச் சொன்னால் தங்கள் அக்காள் ஒப்புக்கொள்ளவில்லை.

"அது செம்பருத்தியடியில உக்காந்திருக்கு, நான் கட்டில்ல கிடக்குறேன். முடி என்ன, முகவரி விசாரிச்சுக்கிட்டா வரும்?"

"வராதுன்னு உன்னால உறுதியா சொல்ல முடியுமா?"

"உங்களுக்கு அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அது பாவம், வாயில்லா ஜீவன். நான் நாளெல்லாம் இந்தச் சுவத்தைப் பாத்துக்கிட்டுக் கிடக்குறேன், அது வந்தா பொழுது போகுது. ஒரு கல்லு, ஒரு குச்சி, ஒரு சொட்டு வெந்நீர், எது அது மேல பட்டாலும் நான் பெட்டியைக் கட்டிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கே திரும்பிப் போயிடுவேன். சத்தியம் பண்ணுங்க."

சத்தியம் பண்ணினேன். ஆஸ்பத்திரி என்ற சொல்லைக் கேட்டால் எதற்கு வேண்டுமானாலும் சத்தியம் பண்ணுகிற நிலையில் நான் இருக்கிறேன். ஆக, பூனைக்கு ஒரு மயிர்கூட நோகக் கூடாது, அந்த மயிர் ஒன்றுகூட ஜன்னலுக்குள் வரவும் கூடாது. இதற்கு வழி கேட்டுத்தான் மருந்துக்கடை வாசலில் நின்று தங்களுக்குப் போன் செய்தேன். தாங்கள் என்ன சொன்னீர்கள்? "அத்தான், பூனைக்கு மூக்கு ரொம்பக் கூர்மை. புளிப்பு வாசனை ஆகாது. பாத்தியோரமா ஆரஞ்சுத் தோல், காபிச் சக்கை, இப்படிக் கொஞ்சம் போட்டு வைங்க. அதுவா ஒதுங்கிக்கும்" என்றீர்கள். நீங்களும் கொஞ்சம் என்றுதான் சொன்னீர்கள். நீங்கள் டாக்டர்கள் எல்லோரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்களா?

என் மூக்கின் கதைதான் உங்களுக்குத் தெரியுமே. தொழிற்சாலையில் மல்லிகை, எலுமிச்சை, சந்தனம் என்று வாசனைப் பீப்பாய்களுக்கு நடுவே நின்று நின்று, அது முகத்துக்கு ஒரு லட்சணம் என்பதைத் தவிர வேறு உபயோகமில்லாமல் போய்விட்டது. அடுப்பில் பால் தீய்ந்தால்கூடப் புகையைக் கண்ணால் பார்த்துத்தான் அணைக்கிறேன். எனவே எவ்வளவு போட்டால் அந்த வாசனை பூனைக்கு எட்டும் என்று எனக்கு எப்படித் தெரியும்? குறைந்து போய்விட்டால் என்ன ஆவது? குறைவதைவிடக் கூடுவது மேல் என்று முடிவு செய்தேன். பழச்சாறு கடையில் சொல்லி வைத்து ஆரஞ்சுத் தோலை ஒரு சாக்கு வாங்கிவந்து பாத்தி முழுக்கப் பரப்பினேன். காபிக் கடையில் சக்கை ஒரு சாக்கு. மேனேஜர் வந்தார். தோல்களை முகர்ந்து ஒரு தும்மல் போட்டார். பிறகு காபிச் சக்கைச் சாக்கு மெத்தென்று இருந்ததால் அதன்மேல் ஏறிப் படுத்துத் தூங்கினார்.

அன்று சாயங்காலம் உங்கள் அக்காளுக்கு இருமல் கூடுதலாக இருந்தது. பூனை கோபத்தில் அதிகம் முடி உதிர்க்கிறது என்று எனக்குப் பட்டது. எனவே மறுநாள் வினிகர். ஒரு கேன் வாங்கி மதிலோரம் முழுக்கத் தெளித்தேன். இருமல் இன்னும் கூடியது. எனக்குக் கைகால் ஓடவில்லை. என்னோடு கலவைப் பிரிவில் இருந்த நண்பர் ஒருவர் வீட்டில் எலுமிச்சை வாசனைச் சாறு இருந்தது, தொழிற்சாலைச் சரக்கு. அதில் ஒரு மூடி ஊற்றினால் ஒரு கொப்பரை சோப்புக் குழம்பு மணக்கும். அந்தப் பாட்டிலை அப்படியே வாங்கிவந்து, தண்ணீர் கலந்தால் வீரியம் போய்விடுமே என்று கலக்காமல், ஜன்னலுக்குக் கீழே சுவரோரமாக ஊற்றினேன். பூனையின் மேல் ஒரு துளிகூடப் படவில்லை, அது அப்போது தெருக்கோடியில் இருந்தது, சத்தியம் சத்தியமாகவே இருக்கிறது. அன்றைக்கு அவள் இருமிய இருமலில் நான் அவள் முதுகைத் தடவிக்கொண்டே அழுதுவிட்டேன். "ஒண்ணுமில்லைங்க, ஒண்ணுமில்லைங்க" என்று அவள் என்னைத் தேற்றினாள். அவள் கண்ணிலும் தண்ணீர் வழிந்தது.

இதில் கொடுமை என்னவென்றால், தோட்டத்தில் எங்கும் கால் வைக்க முடியாமல் போன மேனேஜர் நேரே ஜன்னல் விளிம்புக்கு இடம் மாறிவிட்டார். முன்பு செம்பருத்தியடியில் இருந்தவர் இப்போது கட்டிலுக்குக் கையெட்டும் தூரத்தில், கம்பிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார். நான் விரட்ட விரட்ட அது கிட்டே கிட்டே வருகிறது. இப்படியே போனால் அடுத்த வாரம் கட்டிலில் அதுவும், செம்பருத்தியடியில் நானும் படுக்க வேண்டியதுதான். ஆனைக்கொரு காலம் வந்தால் பூனைக்கொரு காலம் வரும் என்பார்கள். ஆனை எப்போது வந்து போனதென்று எனக்குத் தெரியவில்லை, நான் நேரே பூனையின் காலத்தில் வந்து மாட்டிக்கொண்டேன்.

இன்னொரு விஷயம். நம் தெருவில் ஏதோ தொற்று பரவுகிறது. யாரும் வெளியே சொல்லவில்லை, ஆனால் நான் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறேன். நம் வீட்டைக் கடக்கும்போது எல்லோரும் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு விறுவிறுவென்று போகிறார்கள். பேப்பர் போடுகிறவர் முன்பெல்லாம் கதவருகே வந்து வைப்பார், இப்போது தெருவின் அந்தப் பக்கமே நின்று வீசுகிறார். நம் வீட்டுக்குள் என்ன நோய் இருக்கிறது என்று இவர்களுக்கு யார் சொன்னார்கள்? டாக்டர் எங்களிடம் சொல்லாததை இவர்களிடம் சொல்லிவிட்டாரா?

இதை எதிர்வீட்டு டீச்சரிடம் கேட்கலாம் என்று இருந்தேன். வாய்ப்பு வேறு மாதிரி வந்தது. வாசனை பலிக்கவில்லையென்று தண்ணீருக்கு மாறியிருந்தேன். தண்ணீர் பட்டால் பூனைக்கு வலிக்காது, பிடிக்காது, அவ்வளவுதானே. ரப்பர் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு செம்பருத்திக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தேன். முட்டி வலி உயிர் போகிறது, இருந்தும் அசையவில்லை. கதவுப் பக்கம் சரசரவென்று சத்தம் கேட்டது. பூனைதான் என்று கண்ணை மூடிக்கொண்டு பீய்ச்சிவிட்டேன். கண்ணைத் திறந்தால் டீச்சர். தலையிலிருந்து பாதம் வரைக்கும் குளித்துவிட்டிருந்தார். அந்த நிலையிலும் மூக்கைப் பொத்திய கைக்குட்டையை அவர் எடுக்கவில்லை.

"என்ன சார் இது? மனுஷன் பூனைன்னு வித்தியாசம் இல்லையா?"

"டீச்சர், மன்னிக்கணும், நான் உங்களை... வேற ஒருத்தரை எதிர்பாத்துக்கிட்டு இருந்தேன்."

"நல்லா எதிர்பாத்தீங்க. நான் ஒரு விஷயம் சொல்லிட்டுப் போகலாம்னுதான் வந்தேன். தெருவே பேசுது, யாரும் உங்ககிட்ட சொல்ல மாட்டேங்கிறாங்க. சார், உங்க வீட்டுல..."

அப்படியே நிறுத்திவிட்டார். அவர் கண் என்னைத் தாண்டி ஜன்னலுக்குப் போனது. நான் திரும்பிப் பார்த்தேன். உங்கள் அக்காள் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, வேண்டாம் வேண்டாம் என்று டீச்சரைப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டிருந்தாள். நான் பார்த்ததும் அந்தக் கையை அப்படியே தலைக்குக் கொண்டுபோய் முடியைக் கோதிக்கொண்டாள். டீச்சர், "ஒண்ணுமில்ல சார், செம்பருத்தி நல்லா பூத்திருக்கு" என்று சொல்லிவிட்டுச் சொட்டச் சொட்டப் போய்விட்டார். மைத்துனரே, செம்பருத்தியில் ஒரு பூ இல்லை. என்னிடமிருந்து எதையோ மறைக்கிறார்கள்.

போன வாரம் டாக்டரிடம் காட்டப் போனோமே, அதையும் எழுதிவிடுகிறேன். எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். முடிவைச் சொல்ல உள்ளே கூப்பிட்டபோது நானும் எழுந்தேன், ஆனால் கால் உள்ளே போகவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று வராந்தாவிலேயே நின்றுகொண்டேன். அவள் தனியாக உள்ளே போனாள். வெளியே வந்ததும், "எல்லாம் நல்லாத்தான் இருக்கு, வாங்க போகலாம்" என்று சிரித்தாள். நல்லா இருக்கு என்றால் போதாதா, நல்லாத்தான் என்று எதற்கு அழுத்த வேண்டும்? அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். நம் பையன் பள்ளிக்கூடத்தில் மார்க் குறைந்து வரும்போதெல்லாம் என்னிடம் அதைச் சொல்வதற்கு முன்னால் இப்படித்தான் சிரிப்பாள். அந்தப் பையனுக்கும் இதை எழுத முடியாது. எழுதினால், இரண்டு பேரும் இங்கே வந்துவிடுங்கள் என்பான். அவன் வீடு பதினோராவது மாடி. பூனை வராது, வாஸ்தவம். லிஃப்ட் நின்றுவிட்டால்?

உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது. (தாங்கள் என்று ஆரம்பித்து, நீங்களாகி, நீயில் வந்து நிற்கிறேன். பயத்தில் மரியாதையைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட முடியவில்லை, மன்னித்துக்கொள்.) எனக்குப் பூனையைக் கண்டால் பயம்தான். மேலே முன்ஜாக்கிரதை என்று எழுதியதை அடித்துவிடு. ஆனால் அவள் இருமி முடித்த பிறகு, அடுத்த மூச்சை இழுப்பதற்கு முன்னால், ஒரு சின்ன இடைவெளி விழுகிறது பார், அதற்கு முன்னால் எந்தப் பூனையும் எனக்கு ஒரு பொருட்டில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் அவள் கண் மூடினால் நான் கட்டிலோரம் உட்கார்ந்து அவள் மூக்கருகே புறங்கையை வைத்துப் பார்க்கிறேன். மூச்சு சுடச்சுடப் படும். பட்டால் எனக்கும் மூச்சு வரும். ஒருநாள் மத்தியானம் படவில்லை. அவ்வளவுதான், நான் போட்ட கூச்சலில் ஜன்னல் விளிம்பிலிருந்த மேனேஜர் வாழ்க்கையிலேயே முதல்முறையாகப் பயந்து மதில் தாண்டி ஓடினார். அவள் கண்ணைத் திறந்து, "சும்மா மூச்சைப் பிடிச்சுப் பாத்தேங்க, நீங்க என்ன பண்ணுவீங்கன்னு" என்கிறாள். எப்படி இருக்கிறது பார் விளையாட்டு! அதற்கப்புறம் அவள் நன்றாக மூச்சு விடும்போதும் நான் நம்புவதில்லை.

ஆகவே, உன்னிடம் கேட்பது ஒன்றுதான். தெருப்பூனைகளுக்கு ஊசி போடுவதற்காக நீ ஒரு கம்பிக்கூண்டு வைத்திருக்கிறாயே, உள்ளே தீனி வைத்தால் பூனை தானாக நுழையும், நுழைந்ததும் கதவு பின்னால் விழும், அடியும் படாது வலியும் இருக்காது என்று நீயே சொல்லியிருக்கிறாய். அதை எடுத்துக்கொண்டு வருகிற ஞாயிற்றுக்கிழமை புறப்பட்டு வா. மேனேஜரைப் பிடித்து உன் ஊருக்கே அழைத்துப் போய்விடு. அங்கே ராஜா மாதிரி வைத்துக்கொள். சாப்பாட்டுச் செலவை நான் அனுப்பிவிடுகிறேன். சத்தியமும் மீறவில்லை, முடியும் வராது. அக்காளைப் பார்க்க வந்ததாகச் சொல்லிக்கொள், கூண்டைப் போர்வையால் மூடிக் கொண்டுவா. அவள் காதில் ஒரு வார்த்தை விழக் கூடாது. இந்த விஷயம் உனக்கும் எனக்கும் அந்தப் பூனைக்கும் நடுவில் இருக்கட்டும்.

உன் மனைவிக்கு எங்கள் இருவரின் ஆசிகளையும் சொல். குழந்தைகள் நெடுநாள் சுகமாக வாழட்டும், ஈரத்தலையோடு வெளியே திரியாமல் வாழட்டும், நாய்களிடம் முகத்தைக் கொண்டுபோகாமல் வாழட்டும். உன் கையில் வைத்தியம் பார்த்துக்கொள்ளும் ஜீவன்கள் எல்லாம் எழுந்து நடக்கட்டும். அப்படியே ஒரு நிமிடம் எங்களுக்காகவும் வேண்டிக்கொள்.

இப்படிக்கு, பின்னறையில் இருமல் கேட்டால் எழுதியதைப் போட்டுவிட்டு ஓடத் தயாராக, கவிழ்த்த வாளியின் மேல் இருக்கும்,
உன் அத்தான்.

பின்குறிப்பு: தபால்பெட்டி வரை போய்வந்தால் அதுவரை அவள் தனியாக இருக்க வேண்டுமே என்று, இந்தக் கடிதத்தை எதிர்வீட்டு டீச்சரிடம் கொடுத்தனுப்புகிறேன். அன்று நனைத்ததைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ரகசியம் காப்பவர், நம்பலாம்.

பின்குறிப்புக்குப் பின்குறிப்பு: தம்பி, அக்கா எழுதுகிறேன். டீச்சர் இதை நேரே என் கையில் கொண்டுவந்து கொடுத்துவிட்டார். முழுக்கப் படித்தேன். சிரித்தேன், இருமல் வரவில்லை, ஏனென்றால் டீச்சர் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து படித்தேன். உன் அத்தான் நான் டீச்சரோடு நாலடி நடந்துவிட்டு வரப் போயிருப்பதாக நினைத்துக்கொண்டு கதவோரம் நின்று தெருவையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

பூனை முடியும் இல்லை, ஒன்றும் இல்லை. வீடு நாறுகிறது. ஆரஞ்சுத் தோல் அழுகி, காபிச் சக்கை பூஞ்சை பிடித்து, அதன்மேல் வினிகர், அதன்மேல் எலுமிச்சை வாசனைச் சாறு. தெருவில் தொற்று ஒன்றும் இல்லை, எங்கள் வீட்டைத் தாண்ட மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் போக வேண்டியிருக்கிறது. எனக்கு முதல் நாளே தெரியும். டாக்டரும் வாசனைதான் காரணம் என்றார். அப்புறம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவர் சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை, என் மூக்குக்குக் கீழே கையை வைத்துக்கொண்டு பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தார். பூனை வந்த பிறகுதான் தோட்டத்துக்குப் போனார், சாக்குத் தூக்கினார், பசிக்கிறது என்றார், ராத்திரி குறட்டை விட்டார். அந்தக் குறட்டைக்காகக் கொஞ்சம் இருமினால் என்ன என்று இருந்துவிட்டேன். அவர் வெளியே போனதும் ஜன்னலைச் சாத்திக்கொள்வேன். அந்தக் காது வெட்டும் சண்டையில் போனது இல்லை, உன்னைப் போல ஒரு டாக்டர் கருத்தடை செய்துவிட்டு அடையாளத்துக்கு நறுக்கியது என்று டீச்சர் சொன்னார். அதை அவரிடம் சொல்லாதே. பெரிய ரவுடியோடு மோதுவதாகவே இருக்கட்டும். வாசனையெல்லாம் இந்தப் பூனைக்குப் பழகிவிட்டது, இனி தண்ணீர் மட்டும் போதும் என்று மட்டும் நீ சொன்னதாகச் சொல். நீ சொன்னால் கேட்பார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அவர் சிரிப்பைப் பற்றி எழுதியிருக்கிறாரே, அது சரிதான். படத்தில் ஓரமாக ஒரு நிழல் தெரிகிறதாம். பெரும்பாலும் பழைய சளியின் தழும்பாகத்தான் இருக்கும், எதற்கும் இன்னொரு படம் எடுத்துப் பார்த்துவிடலாம் என்று டாக்டர் வருகிற செவ்வாய்க்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். இவரிடம் சொல்லவில்லை. சொன்னால் எனக்கு முன்னால் இவரைப் படுக்கவைக்க வேண்டிவரும். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது, தம்பி. உன்னிடம் சொல்வதற்கென்ன. இரண்டு பேரும் ஒரே வீட்டில் ஒரே நேரத்தில் பயந்தால் யார் யாரைத் தேற்றுவது என்றுதான் என் பங்கை ஒத்திப்போட்டு வைத்திருக்கிறேன்.

ஆகையால் ஞாயிற்றுக்கிழமை வராதே, செவ்வாய்க்கிழமை காலையில் வா. கூண்டை அவசியம் கொண்டுவா, அவர் சொன்னபடியே போர்வை போட்டு மூடி. அதைச் செம்பருத்தியடியில் வைத்துவிட்டு, பூனை மாட்டும்வரை ஒருவர் அசையாமல் காவல் இருக்க வேண்டும், வீட்டில் ஆள் நடமாட்டம் இருந்தால் பூனை வராது, அதனால் அக்காவை வெளியே அழைத்துப் போகிறேன் என்று சொல். அசையாமல் உட்காருவார். நாம் போய்ப் படம் எடுத்து, டாக்டர் சொல்வதைக் கேட்டுக்கொண்டு வந்துவிடலாம். உள்ளே போகும்போது நீ என்னோடு வா, இந்தத் தடவை தனியாகப் போக முடியாது போலிருக்கிறது. நாம் திரும்புவதற்குள் பூனை மாட்டிக்கொண்டால் இவர் நம்மைத் தேடி அங்கே ஓடிவந்துவிடுவார். அதைப் பற்றிக் கவலைப்படாதே. அன்றைக்கு விடியும்போதே மேனேஜருக்கு நான் ஜன்னல் வழியாக வயிறு முட்டச் சோறு போட்டுவிடுகிறேன், கூண்டுப் பக்கம் அது திரும்பியும் பார்க்காது.